தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன்

வணிகவியல் பாடத்திட்டத்தில் அண்மைக் காலத்தில் இடம்பிடித்துள்ள தாள்களுள் ஒன்று வழங்கல் சங்கிலி மேலாண்மை. பெயரைக் கேட்டதுமே மாணவர்கள் சற்று மிரளுகிறார்கள். பாடநூலைத் திறந்தால் கட்டங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த படங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு மேலும் மிரளுகிறார்கள். ஆகவே இத்தாளை நடத்தத் தொடங்கிய நாள்முதல் கட்டங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லித் தொடங்குவதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அம்மனிதர் சர் தாமஸ் லிப்டன். மஞ்சள் நிறத் தேயிலை அட்டையில் அவர் பெயரைப் பார்த்தவர்கள் ஏராளம். அப்பெயருக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார் என்பதை அறிந்தவர்கள் சிலரே. வகுப்பில் மணி அடித்துவிடுவதால் எப்போதும் பாதியில் நின்றுவிடும் அக்கதையை இம்மலரில் முழுமையாக எழுத முனைகிறேன்.

வழங்கல் சங்கிலி என்பது என்ன? ஒரு பொருள் ஓரிடத்தில் விளைகிறது, வேறோரிடத்தில் உருமாறுகிறது, வண்டியிலும் கப்பலிலும் பயணம் செய்கிறது, கிடங்கில் காத்திருக்கிறது, கடைசியில் ஒருவர் கைக்கு வந்து சேருகிறது. பொருள் ஒரு திசையில் வரும்போது பணம் எதிர்த்திசையில் போகிறது. செய்தி இரு திசைகளிலும் போகவேண்டும். இவ்வளவுதான் அடிப்படை. இந்த மூன்றும் எங்கெங்கே தடைப்படுகின்றன, எங்கெங்கே வீணாகக் கைமாறுகின்றன என்று கண்டுபிடிப்பவரே நல்ல மேலாளர். லிப்டன் இப்பாடத்தை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. படகுத்துறையில் படித்தார்.

அவர் பிறந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கோர்பல்ஸ் என்னும் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில். தாம் பிறந்தது 1850 என்று அவர் சொல்லிக்கொள்வது வழக்கம். 1848 மே 10 என்பதே பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் தேதி. பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அந்நாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலத்தில், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து கிளாஸ்கோவுக்கு வந்தவர்கள். கிரவுன் தெருவில் வெண்ணெய், முட்டை, பன்றித்தொடை இறைச்சி விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தினார்கள். சரக்கு அயர்லாந்தில் அவர்களுக்கு அறிமுகமானவர்களிடமிருந்தே படகில் வந்தது. இடையில் மொத்த வியாபாரி இல்லை. படகு வந்ததும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்ச் சரக்கை எடுத்துவருவது சிறுவன் தாமஸின் வேலை. பிற்காலத்தில் உலகமெங்கும் அவர் செய்தது இதையேதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தள்ளுவண்டிக்குப் பதில் நீராவிக் கப்பல், அவ்வளவே.

அக்கடையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. முட்டையை அப்பா எடுத்துக் கொடுக்காமல் அம்மாவே கொடுக்கட்டும், அம்மாவின் கை சிறியது, அதில் முட்டை பெரிதாகத் தெரியும் என்று சிறுவன் யோசனை சொன்னானாம். உண்மையோ பொய்யோ, பின்னாளைய விளம்பரச் சக்கரவர்த்திக்குப் பொருத்தமான கதைதான்.

பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டார். எழுதுபொருள் கடையில் ஏவலாள், சட்டை தைக்கும் நிறுவனத்தில் எடுபிடி, கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ட்டுக்கும் இடையே ஓடிய கப்பலில் அறைப்பையன் என்று வேலைகள் மாறின. கப்பலில் அமெரிக்காவைப் பற்றிக் கேட்ட கதைகள் அவரை உந்தவே, 1860களின் நடுவில், அந்நாட்டின் உள்நாட்டுப் போர் முடிந்த வேளையில், மலிவான பயணச்சீட்டில் நியூயார்க் போய் இறங்கினார். கையில் பணம் இல்லை. துறைமுகத்தில் நின்ற விடுதிக்காரர் ஒருவரிடம், கப்பலில் வந்த ஒரு டஜன் பேரை உம் விடுதிக்கு அழைத்துவந்தால் எனக்கு இலவசமாக இடம் தருவீரா என்று கேட்டு, அப்படியே செய்தும் காட்டினார் என்பது அவரே சொல்லியுள்ள செய்தி.

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டத்தில் உழைத்தார். தென்கரோலினாவில் நெல் தோட்டத்தில் கணக்கு எழுதினார். கடைசியில் நியூயார்க்கில் ஒரு பெரிய அங்காடியின் மளிகைப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் அவர் கண் திறந்தது. கடை வெளிச்சமாக இருக்கவேண்டும். சரக்கைக் கண்ணில் படும்படி அடுக்கவேண்டும். வாங்க வருபவரை வரவேற்கவேண்டும். வியாபாரம் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லவேண்டும். இவையெல்லாம் அக்காலத்துக் கிளாஸ்கோ மளிகைக்காரருக்குத் தெரியாத வித்தைகள். 1870ஆம் ஆண்டையொட்டி ஊர் திரும்பியபோது, அம்மாவுக்கு ஓர் ஆடும் நாற்காலியும் ஒரு பீப்பாய் மாவும் கொண்டுவந்தார். 1871 மே 10 அன்று, ஸ்டாப்கிராஸ் தெருவில், தம் பெயரில் முதல் கடையைத் திறந்தார்.

கடைகள் பெருகின கதை

அந்தக் கடை ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகி, இருபது ஆண்டுகளுக்குள் பிரிட்டன் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளாயிற்று. எப்படி? விளம்பரத்தால் என்று எல்லாரும் சொல்வார்கள். கொழுத்த பன்றிகளுக்கு ரிப்பன் கட்டி, இவை லிப்டன் கடைக்குப் போகும் அனாதைகள் என்று எழுதித் தெருவில் ஊர்வலம் விட்டார். பணநோட்டைப் போலவே அச்சடித்த விளம்பரத் தாள்களை வழங்கி வம்பில் மாட்டினார். 1881 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு ராட்சதப் பாலாடைக்கட்டியை வரவழைத்து, அதற்குள் தங்க நாணயங்களைப் புதைத்து விற்றார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வரவேண்டியதாயிற்று.

இவையெல்லாம் சுவையான செய்திகள்தாம். ஆனால் வணிகவியல் மாணவர் இவற்றில் மயங்கிவிடக்கூடாது. விளம்பரம் வாடிக்கையாளரை ஒருமுறை கடைக்குள் அழைத்துவரும். அவர் மறுமுறை வருவது விலையைப் பார்த்துத்தான். அக்கம்பக்கக் கடைகளைவிடக் குறைந்த விலைக்கு லிப்டனால் எப்படிக் கொடுக்க முடிந்தது? அயர்லாந்தின் கிராமச் சந்தைகளுக்கு அவரும் அவருடைய ஆட்களும் நேரே போய், உழவரிடம் ரொக்கம் கொடுத்து வெண்ணெயும் முட்டையும் வாங்கினார்கள். இறைச்சி போதவில்லை என்றபோது அமெரிக்காவுக்கே போய், 1880களில் ஒமாகா நகரில் இறைச்சி பதப்படுத்தும் ஆலை ஒன்றில் முதலீடு செய்து, சில காலம் நடத்திப் பின் விற்றார். காகிதமும் சீட்டும் அச்சிட சொந்த அச்சகம், பழப்பாகுக்குச் சொந்தத் தொழிற்சாலை. விற்பவர் பின்னோக்கி நடந்து நடந்து விளைவிப்பவரின் வீட்டு வாசலுக்கே போய்விடுவதைப் பாடநூல்கள் பின்னோக்கிய ஒருங்கிணைப்பு என்கின்றன. நூறு கடைகளுக்கு ஒரே இடத்தில் மொத்தமாக வாங்குவதால் கிடைக்கும் பேரபலத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லிப்டனின் மலிவு விலைக்கு மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

கடன் வாங்கித் தொழில் நடத்துவதும் கூட்டாளி சேர்ப்பதும் அவருக்குப் பிடிக்காதவை. எல்லாவற்றையும் தாமே பார்க்கவேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. அது அப்போது பலமாக இருந்தது. பின்னால் என்னவாயிற்று என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

தேயிலை

1880களில் பிரிட்டிஷ் தொழிலாளி வீட்டில் தேநீர் அன்றாடத் தேவையாகிவிட்டது. சீனத் தேயிலையின் ஆட்சி சரிந்து, இந்திய, இலங்கைத் தேயிலை அச்சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் விலை? நல்ல தேயிலை ராத்தலுக்குச் சுமார் 3 ஷில்லிங். ஏழைக்கு அது பெரிய தொகை. தேயிலை வியாபாரத்தில் இறங்கும்படி லண்டன் தரகர்கள் லிப்டனை அழைத்தார்கள். அவரோ தரகரின் கமிஷன் என்ன, அதற்கு முன் யார் யார் கைபட்டது என்று கணக்குப் போட்டார்.

கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். தோட்ட முதலாளியிடமிருந்து கொழும்பு முகவருக்கு, அவரிடமிருந்து கப்பலுக்கு, லண்டன் துறைமுகக் கிடங்கில் சில காலம், பிறகு மின்சிங் லேன் என்னும் தெருவில் நடக்கும் ஏலம், ஏலத்தில் எடுக்கும் தரகர், அவரிடமிருந்து மொத்த வியாபாரி, கலந்து பக்குவம் செய்பவர், கடைசியில் தெருமுனை மளிகைக்காரர். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் லாபம் ஒட்டிக்கொள்கிறது. அதைவிட முக்கியமானது காலம். சரக்கு கிடங்கில் கிடக்கும் நாளெல்லாம் அதில் போட்ட பணத்துக்கு வட்டி ஏறுகிறது, வாடகை ஏறுகிறது, தேயிலையின் மணமோ இறங்குகிறது. லிப்டன் 1889இல் தேயிலை விற்கத் தொடங்கினார். ராத்தல் 1 ஷில்லிங் 7 பென்ஸ் விலையில் அவர் கொடுத்த தேயிலை மற்றவர்களைத் திகைக்க வைத்தது.

அடுத்த ஆண்டு, 1890இல், ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன் என்று சொல்லிக் கப்பலேறியவர் கொழும்பில் இறங்கிவிட்டார். அங்கே நிலைமை அவருக்குச் சாதகமாக இருந்தது. இலங்கை மலைநாடு ஒரு காலத்தில் காப்பித் தோட்டமாக இருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அதைச் சிறுகச் சிறுக அழித்தது. தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இலேயே லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு வழிகாட்டியிருந்தார். பலர் அவரைப் பின்பற்றினாலும் நொடித்துப்போன தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. ஹப்புத்தளைப் பகுதியில் தம்பதன்னை, மொனராகந்தை உள்ளிட்ட தோட்டங்களை லிப்டன் வாங்கினார். தேயிலையை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் லிப்டன் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அப்பெருமை டெய்லரைச் சேரவேண்டும். பொட்டலத் தேயிலையைக் கண்டுபிடித்தவரும் லிப்டன் அல்லர். ஹார்னிமன் என்பவர் 1826இலேயே அதைச் செய்துவிட்டார். பிறர் கண்டுபிடித்த கண்ணிகளை ஒன்றோடொன்று கோத்தவர் லிப்டன்.

கொழுந்தின் பயணம்

இங்கே சற்று நின்று தேயிலையின் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பறித்த கொழுந்து காத்திருக்காது. கூடையில் நெருக்கி வைத்தால் சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். அன்று பறித்ததை அன்றே ஆலையில் சேர்க்கவேண்டும். மலையகத் தமிழர் அந்த ஆலையை ஸ்டோர் என்பார்கள். அங்கே வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, சூட்டில் உலர்த்தி, சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகிறது. கெடக்கூடியதும் எடை குறையக்கூடியதுமான பொருளை விளைந்த இடத்திலேயே பதப்படுத்தவேண்டும் என்ற விதியை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இந்த ஒரு கொழுந்தை நினைத்துக்கொண்டால் போதும். தம்பதன்னையில் லிப்டன் 1890இல் ஆலை கட்டியதன் காரணம் இதுவே. மேல்சரிவுகள் ஆறாயிரம் அடி உயரத்துக்கு மேலே; கொழுந்து மூட்டைகளைத் தலைச்சுமையாக இறக்கினால் நேரமாகும். ஆகவே கம்பி வடம் கட்டி, மூட்டைகளை அதில் தொங்கவிட்டு ஆலைக்கு இறக்கும் ஏற்பாட்டைச் செய்தார்.

ஆலையை விட்டதும் நிலைமை மாறிவிடுகிறது. உலர்ந்த தேயிலை பயணத்தைத் தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது. ஆகவே உள்ளே ஈயத்தகடு பொதிந்த மரப்பெட்டிகள். பெட்டிக்கு வேண்டிய பலகை ஜப்பானிலிருந்து வந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? இலங்கைத் தேயிலை என்று நாம் சொல்லும் பொருளுக்குள் அன்றைக்கே இத்தனை நாடுகள் இருந்தன. 1890இல் மலைநாட்டு ரயில் நானுஓயா வரைதான் வந்திருந்தது. ஹப்புத்தளையை ரயில் எட்டியது 1893இல். அதுவரை மாட்டுவண்டிப் பாதைதான். கொழும்பிலிருந்து நீராவிக் கப்பல் சூயஸ் கால்வாய் வழியாகப் பிரிட்டனுக்கு. 1869இல் அக்கால்வாய் திறக்கப்படாமல் இருந்திருந்தால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டல்லவா போகவேண்டும்! 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒற்றைக் கப்பல் அக்கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் உலக வணிகத்தை நிறுத்தியபோது, அந்த வாய்க்காலின் அருமை எல்லாருக்கும் மறுபடி புரிந்தது.

பிரிட்டன் போய்ச் சேர்ந்த பிறகுதான் லிப்டனின் சாமர்த்தியம் முழுமையாகத் தெரிகிறது. அவர் தேயிலையைக் கலந்து பொட்டலமாக்கும் வேலையைச் சந்தைக்கு அருகே வைத்துக்கொண்டார். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும். சில ஊரில் உப்புத்தன்மை கொண்ட கடினநீர், சில ஊரில் மென்னீர். ஒரே தேயிலை இரண்டு ஊரில் இரண்டு சுவை தரும். ஆகவே கிளை மேலாளர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரை அனுப்பிவைக்க, சுவைஞர்கள் அந்தத் தண்ணீரிலேயே தேநீர் வைத்துப் பார்த்து, அந்தந்த ஊருக்கு ஏற்ற கலவையைத் தீர்மானித்தார்கள். கடைசி வடிவத்தைக் கடைசி நிமிடம் வரை ஒத்திவைப்பது என்று இன்றைய பாடநூல்கள் இதற்கு ஒரு தனித் தலைப்பே தருகின்றன. ஒரு ராத்தல், அரை ராத்தல், கால் ராத்தல் என்று அச்சிட்ட பொட்டலங்கள், எடையில் ஏமாற்று இல்லை, கலப்படம் இல்லை. தேயிலையில் கண்ட கண்ட இலைகளைக் கலந்து விற்ற அக்காலத்தில் இது சிறிய காரியமல்ல.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கெண்டிக்கு வருகிறது என்ற பொருளில் அவர் செய்த விளம்பரம் முழு உண்மை அன்று. அவர் கடைகள் விற்ற தேயிலையில் சிறு பகுதியைத்தான் சொந்தத் தோட்டங்களால் தரமுடிந்தது. மிகுதியை அவரும் ஏலத்தில்தான் எடுத்தார். கொழும்பில் 1883இலேயே ஏலம் தொடங்கியிருந்தது. லண்டன் ஏலமும் இருந்தது. பிறகு தோட்டம் எதற்கு? உண்மையான உற்பத்திச் செலவு என்ன என்று தெரிந்தவரை ஏலத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. தவிர, ஏலத்தில் விலை ஏறினால் கைகொடுக்கச் சொந்த விளைச்சல் இருக்கிறது. எல்லாவற்றையும் சொந்தமாக்கிக்கொள்வதும் எல்லாவற்றையும் வெளியே வாங்குவதும் இரண்டுமே ஆபத்து என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

முதல் கண்ணி

இவ்வளவையும் வகுப்பில் உற்சாகமாகச் சொல்லிவரும் நான், இந்த இடத்தில் எப்போதும் சற்றுத் தயங்குவேன். காரணம் உண்டு. என் பாட்டி இலங்கை மலைநாட்டில் கொழுந்து பறித்தவர். லிப்டனின் தோட்டத்தில் அல்ல, வேறொரு தோட்டத்தில். 1964இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, எழுபதுகளில் கப்பலேறித் தமிழகம் வந்து, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டவர். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நிற்பது, நிறுவையின்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்துக்கொள்வது, குறித்த எடை வராவிட்டால் அரைப் பேர் போடுவது என்று அவர் சொன்ன கதைகள் வழங்கல் சங்கிலியின் முதல் கண்ணியைப் பற்றியவை. என் பாடநூலில் அந்தக் கண்ணி ஒரு சிறு கட்டம். அதற்குள் மூலப்பொருள் என்று எழுதியிருக்கிறது.

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மக்கள் எப்படி அங்கே போனார்கள்? இதுவும் ஒரு வழங்கல் சங்கிலிதான். பஞ்சம் பிடித்த கிராமத்துக்குக் கங்காணி வருவார். முன்பணம் கொடுப்பார். பயணச் செலவும் அரிசியும் கடனாகக் கணக்கில் ஏறும். தொடக்க காலத்தில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். தோட்டத்தில் சேர்ந்தபின், வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், கடன் தொகையைக் குறித்த துண்டு என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டக்காரர் அக்கடனைத் தீர்த்தால்தான் ஆள் நகரலாம். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

மாணவ நண்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தரகரே கூடாது என்று வாழ்நாள் முழுவதும் முழங்கியவர் லிப்டன். மின்சிங் லேன் தரகர் அவர் கண்ணை உறுத்தினார். ஆனால் இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே நின்ற கங்காணி என்னும் தரகரை அவர் விலக்கவில்லை. மற்ற தோட்டங்களில் நிலவிய அதே முறையே அவருடைய தோட்டங்களிலும் தொடர்ந்தது. ஏன்? லண்டன் தரகரின் கூலி தேயிலை விலையில் ஏறியது. கங்காணியின் கூலியோ தொழிலாளியின் கடனில் ஏறியது. சங்கிலியைக் குறுக்கியதால் மிச்சமான பணம் பெருமளவு வாங்குபவருக்கும் ஒரு பகுதி லிப்டனுக்கும் போயிற்று. முதல் கண்ணிக்கு அதிலிருந்து எதுவும் வந்ததாக நான் படித்த எந்த நூலிலும் இல்லை. கிளாஸ்கோ இல்லத்தரசி தேநீர் துவர்க்கிறது என்று குறைசொன்னால், கிளை மேலாளர் வழியாக அது கலவைக்கூடத்துக்குப் போகும். அடுத்த கலவை திருத்தப்படும். லயத்து அறையின் கூரை ஒழுகுகிறது என்ற செய்தி எதிர்த்திசையில் பயணம் செய்ய ஒரு வழியும் இருக்கவில்லை. செய்தி இரு திசைகளிலும் போகவேண்டும் என்று தொடக்கத்தில் எழுதினேனே, அது அந்தச் சங்கிலியில் பாதிதான் நிறைவேறியிருந்தது.

அவர் கெட்ட மனிதரா என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டார். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1897இல் விக்டோரியா அரசியாரின் வைரவிழாவின்போது லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க அரண்மனை நிதி திரட்டியது; போதவில்லை. லிப்டன் 25,000 பவுன் கொடுத்துக் காப்பாற்றினார். பிறகு ஏழைகளுக்கு மலிவு உணவகம் அமைக்க 100,000 பவுன் அளித்தார். பசியின் அருமை தெரிந்தவர்தான். ஆனால் அவர் கண்ணுக்கு எட்டிய பசி லண்டன் பசி.

கடைசிக் காலம்

1898இல் அவர் நிறுவனம் பொதுப் பங்கு நிறுவனமாயிற்று. பங்குக்கு விண்ணப்பித்தோர் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு சர் பட்டம் கிடைத்தது. 1902இல் பரோனெட் ஆனார். அதன் பிறகு அவர் மனம் கடலுக்குப் போய்விட்டது. அமெரிக்காவிடமிருந்து புகழ்பெற்ற அமெரிக்கக் கோப்பையை மீட்க, ஷாம்ராக் என்று பெயரிட்ட ஐந்து பாய்மரக் கப்பல்களை அடுத்தடுத்துக் கட்டி, 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து முறை போட்டியிட்டார். ஐந்திலும் தோற்றார். 1920இல் முதல் இரண்டு ஓட்டங்களை வென்றுவிட்டு அடுத்த மூன்றில் கோட்டைவிட்டார். சிரித்தபடி தோற்ற அவர்மீது அமெரிக்க மக்கள் அன்பு கொண்டு, 1930இல் தாங்களே பணம் திரட்டி ஒரு தங்கக் கோப்பை பரிசளித்தார்கள். தோல்விகளால் அமெரிக்காவில் அவர் தேயிலைக்குக் கிடைத்த விளம்பரத்தை எந்தப் பணத்தாலும் வாங்கியிருக்க முடியாது. முதல் உலகப்போரில், 1915இல், நச்சுக்காய்ச்சல் பரவிய செர்பியாவுக்குத் தம் சொந்த உல்லாசக் கப்பலில் மருத்துவரையும் செவிலியரையும் ஏற்றிச் சென்றார். அடுத்த ஆண்டு கடற்படைப் பணியில் அக்கப்பல் மூழ்கிப்போயிற்று.

தலைவர் கடலில் இருந்த காலத்தில் கரையில் எல்லாம் சரியாக இல்லை. 1914இல் ராணுவச் சிற்றுண்டி நிலையங்களுக்குச் சரக்கு வழங்கும் ஒப்பந்தங்களுக்காக லஞ்சம் கொடுத்த வழக்கில் நிறுவனத்தின் ஊழியர் சிலர் தண்டனை பெற்றார்கள். லிப்டன்மீது வழக்கு இல்லை; ஆனாலும் பெயருக்குக் களங்கம். எல்லாவற்றையும் தாமே பார்ப்பேன் என்ற அந்தப் பழைய பிடிவாதம் இப்போது எதிரியாயிற்று. பொறுப்பைப் பிறரிடம் பகிர அவருக்குத் தெரியவில்லை, போட்டிக் கடைகள் முந்தின, லாபம் குறைந்தது. 1927இல் பிரிட்டிஷ் நிறுவனத்தின் பிடி அவர் கையை விட்டுப் போயிற்று. மளிகைக்காரர் என்பதற்காகவே பல்லாண்டு அவரைச் சேர்க்காமல் வைத்திருந்த அரச பாய்மரக் கப்பல் சங்கம் 1931இல், எண்பதைத் தாண்டிய வயதில், அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லண்டனில் காலமானார். திருமணம் செய்துகொள்ளாதவர். செல்வத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகருக்கு எழுதிவைத்தார். பெற்றோர் உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில், பிறந்த தெருவுக்குச் சற்றுத் தொலைவிலேயே அடக்கமானார்.

அவர் கோத்த சங்கிலி பிறகு பலவாறு அறுந்தும் இணைந்தும் வந்திருக்கிறது. 1956இல் அமெரிக்காவில் சரக்குப் பெட்டகக் கப்பல் புறப்பட்டதற்குப் பின் ஈயம் பொதிந்த மரப்பெட்டிகள் மெல்ல மறைந்து, காகிதச் சாக்குகள் வந்தன. லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29 அன்று கடைசியாக நடந்து மூடப்பட்டது. கொழும்பு ஏலம் தொடர்ந்து, 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் கணினி வழிக்கு மாறியது. 2021இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது தேயிலை விளைச்சல் வீழ்ந்ததை நாம் செய்தித்தாள்களில் படித்தோம்.

தம்பதன்னைத் தோட்டத்தை, அயல்நாட்டு நிறுவனங்களின் மற்றத் தோட்டங்களோடு, 1975இல் இலங்கை அரசு எடுத்துக்கொண்டது. 1992 முதல் இத்தகைய தோட்டங்களின் நிர்வாகம் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகையாகப் போயிற்று. லிப்டன் என்ற பெயர் யூனிலீவரின் கைக்குப் போய், 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயரும் நிலமும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. மலையுச்சியில் அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் ஏறிப்போகிறார்கள். போகும் வழியெங்கும் சரிவுகளில் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். 1890இல் கட்டிய ஆலையும் ஓடிக்கொண்டிருக்கிறது.